வீட்டில் சேர்ந்த பழைய சஞ்சிகைகள்: எதை வைத்திருப்பது, எதை யாரிடம் கொடுப்பது?

கொக்குவில்காரி:

அப்பா சேர்த்த சஞ்சிகைகள் யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டில் றங்குப் பெட்டிகளிலும் ஒரு மர அலுமாரியிலும் பரணிலும் கிடக்கின்றன. அம்மா இனித் தங்கையோடு வவுனியாவில் இருக்கப் போகிறார். வீட்டுக்கு ஓடு மாற்றி வாடகைக்குக் கொடுக்கப் போகிறோம். மாரி தொடங்க முன்னம் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்த அளவில் கல்கி, கலைமகள், மஞ்சரி, அம்புலிமாமா நிறைய. தொடர்கதைகளை மட்டும் கிழித்தெடுத்துக் கட்டிய தொகுப்புகளும் இருக்கின்றன. மல்லிகை ஒரு பெட்டி நிறைய. சிரித்திரன், அலை கொஞ்சம். 90களில் நாங்கள் படித்த நங்கூரம், அறிவுக் களஞ்சியம். கடைசியாக அப்பா சந்தா கட்டி எடுத்த ஞானமும் ஜீவநதியும்.

பழைய பேப்பர் எடுக்கிறவர் வாசலில் வந்து கிலோவுக்கு விலை சொல்லிவிட்டுப் போனார். கனடாவில் இருக்கும் தம்பி, எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணிவிட்டுக் கொடுத்துவிடு என்கிறான். அம்மா ஒரு தாளையும் வெளியே விடமாட்டேன் என்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் முழுதாகச் சரியாகப் படவில்லை. வீட்டுச் சேகரிப்பைப் பிரித்துக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள், எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

வாசிகசாலை:

தங்கச்சி, முதல் வேலையாக பேப்பர்காரரை மறித்து வையுங்கள். மற்றது பிறகு.

எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலையை நான் பல காலமாகப் பார்த்துவருகிறேன். மாதம் ஒருவராவது அப்பாவின் அல்லது மாமாவின் புத்தகங்கள் என்று உரப்பையில் கட்டிக்கொண்டு வருவார். மனம் நிறைந்துதான் தருகிறார்கள். ஆனால் எங்களுக்கு இருப்பது இரண்டு அலுமாரியும் ஒரு நீள மேசையும். வருகிறவர்கள் பத்திரிகை பார்க்கிற பெரியவர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும். உங்கள் அம்புலிமாமாக்களை இன்றைக்கே தாருங்கள், இரண்டு கையாலும் வாங்குவேன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் அதை விரும்பி எடுக்கிறார்கள். மற்றவற்றை ஏற்றால் மூலையில்தான் அடுக்குவேன். வாசிக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பதற்கு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

எந்த நூலகத்துக்குக் கொடுப்பதானாலும் மூட்டையோடு போக வேண்டாம். சஞ்சிகையின் பெயர், ஆண்டு, மாதம், இதழ் எண், நிலை. இந்த ஐந்தையும் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை முதலில் அனுப்பினால், தங்களிடம் இல்லாததை அவர்களே குறித்துத் தருவார்கள்.

பனங்கூடல்:

பட்டியல் பற்றிச் சொன்னது மிகச் சரி. அதற்கும் முன்னால் ஒரு பிரிப்பு இருக்கிறது. இந்த இதழ் வேறு எங்காவது இருக்குமா? ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போது இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்.

சென்னைச் சஞ்சிகைகள் பெருந்தொகையாக அச்சானவை. தமிழ்நாட்டில் பல சேகரிப்புகளில் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்ததைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் 1994 இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அந்த இதழ்களைப் பற்றிக் கவலைப்பட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நம்முடையதற்கு யார் இருக்கிறார்கள்? மறுமலர்ச்சி 1946 முதல் 1948 வரை வந்தது. சுன்னாகத்திலிருந்து ஈழகேசரி 1930 முதல் 1958 வரை, அதே ஊரிலிருந்து கலைச்செல்வி 1958 முதல் 1966 வரை. மல்லிகையை டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய் 2012 வரை நடத்தினார். அலை 1975 முதல் 1990 வரை. இவை எல்லாம் குறைந்த பிரதிகளாக அச்சாகி, கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டவை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருக்கும் என்று நம்பியிருந்த காலம் 1981 இல் முடிந்தது. சுமார் 97,000 நூல்கள் ஒரே இரவில் எரிந்தன. அதன் பிறகு இடப்பெயர்வுகள். இவ்வளவுக்கும் பிறகு உங்கள் வீட்டில் ஒரு பெட்டி மல்லிகை இருக்கிறதென்றால் அதைத்தான் முதலில் பாதுகாக்க வேண்டும்.

இன்னொன்று. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இங்குள்ள சஞ்சிகைகளுக்கு வாசகர் கூடிய காலம் அது. உங்கள் அப்பாவின் அலுமாரியில் கல்கி எந்த ஆண்டில் குறைகிறது, மல்லிகை எந்த ஆண்டில் கூடுகிறது என்று பாருங்கள். அந்த மாற்றம் அடுக்கிலேயே தெரியலாம்.

ஆகவே கல்கி, கலைமகள் எல்லாவற்றையும் போகவிடுங்கள். ஈழத்து இதழ் ஒன்றையும் விடாதீர்கள். இதுதான் என் கருத்து.

நல்லூரடி:

பனங்கூடல் அண்ணை சொன்ன பிரிப்பை ஏற்றாலும் முடிவை ஏற்க முடியவில்லை. ‘வேறு எங்காவது இருக்கும்’ என்பது அச்சான இதழுக்குச் சரி. வீட்டில் கட்டிய தொகுப்புக்கு அது எப்படிப் பொருந்தும்?

தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்து, வரிசையாக அடுக்கி, ஊசி நூலால் தைத்து, மேலட்டை போட்டு, முதற்பக்கத்தில் பெயரும் திகதியும் எழுதி வைத்த தொகுப்பு யாழ்ப்பாணத்து வாசகர் தன் கையால் செய்த புத்தகம். கடைசித் தாளில் யார் யார் இரவல் கொண்டுபோனார்கள் என்ற குறிப்பு இருக்கும். பின்பக்கத்தில் சில வேளை விலையுயர்வு பற்றிய செய்தியோ திரைப்பட விளம்பரமோ பாதியாக ஒட்டியிருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரர் வாங்கும் ஒரு கல்கி அந்த வாரமே நாலைந்து வீடு சுற்றி வரும். சென்னை நூலகத்தில் இருக்கும் சுத்தமான பிரதியில் இந்த வரலாறு இல்லை.

கட்டாத உதிரி வார இதழ்களைக் கொடுத்துவிடலாம். கட்டிய தொகுப்பில் ஒன்றையும் கொடுக்க வேண்டாம்.

பனங்கூடல்:

கட்டிய தொகுப்பை நான் உதிரியோடு சேர்த்துச் சொன்னேன். இரவல் குறிப்பு இருக்கிற தொகுப்பு வேறு வகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகைக்குப் போகும் வீட்டில் இடம் எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் காக்க நினைத்துக் கடைசியில் எல்லாமே கறையானுக்குப் போன வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

கொக்குவில்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. கறையான் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். பரணில் இருந்த ஒரு பெட்டியின் அடிப்பக்கம் மண் பாதை ஏறியிருக்கிறது. மேலே உள்ள இதழ்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. மர அலுமாரியில் வெள்ளியாக மின்னி ஓடுகிற பூச்சி. சில இதழ்களில் நடுவில் அடித்த கம்பி துருவேறிப் பக்கத்தைத் தின்றுவிட்டது. அம்மா எல்லாவற்றையும் முற்றத்தில் வெயிலில் காயவிடச் சொல்கிறார். செய்யலாமா?

பைண்டர் மகன்:

அக்கா, வெயிலில் போடாதீர்கள். ஐயா புத்தகம் கட்டும் தொழிலில் இருந்தவர், அந்தக் கொட்டிலில் வளர்ந்தவன் நான். ஈரமான சஞ்சிகையை விறாந்தையில் பாய் விரித்து, நிழலில், விசிறிக் காற்றில் காயவிடுவதுதான் முறை. வெயில் பட்டால் தாள் மஞ்சளாகும், ஓரம் சுருளும், பிறகு மடித்த இடத்தில் முறியும்.

துருக் கம்பியைக் கையால் இழுக்க வேண்டாம். இழுத்தால் தாளும் கம்பியோடு வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, முனை மழுங்கிய மெல்லிய கத்தியால் கம்பியின் இரண்டு காலையும் மெல்ல நிமிர்த்துங்கள். பிறகு இதழைத் திருப்பி முதுகுப் பக்கமாகக் கம்பியை எடுங்கள். துருத் தூளை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, அதே ஓட்டைகள் வழியாகப் பருத்தி நூலால் ஒரு தையல் போடுங்கள். மூன்று ஓட்டை இருந்தால் போதும். நடு ஓட்டையால் தொடங்கி நடு ஓட்டையிலேயே முடிச்சுப் போட வேண்டும். இரண்டு இதழ் தைத்துப் பார்த்தால் கை பழகிவிடும்.

கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டில் ரேப் உரிந்துபோகும், பசை மட்டும் பழுப்பாகத் தாளில் தங்கும், அந்த எழுத்தைப் பிறகு வாசிக்க முடியாது. லாமினேற் பண்ணுவது அதைவிடக் கேடு, ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

புதிதாகக் கட்டுவிக்க விரும்பினால், ஓரத்தை வெட்டி நேராக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல சஞ்சிகைகளில் எழுத்து ஓரம் வரை வரும், வெட்டினால் ஒரு சொல் போய்விடும். மேலட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் எடுத்துவிட்டுக் கட்டுகிற வழக்கமும் முந்தி இருந்தது. அதையும் தடுங்கள். மேலட்டை போனால் மாதமும் இதழ் எண்ணும் போய்விடும்.

சோதனைக்குழாய்:

விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், அதனால் காரணத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

மலிவான அச்சுத்தாள் மரத்தை அரைத்த கூழில் செய்வது. அதில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடும். ஒளியும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். தாளில் இருக்கும் அமிலம் நாரைச் சிறிது சிறிதாக வெட்டும். சூடும் ஈரப்பதனும் கூடினால் இந்த வேலை விரைவாக நடக்கும். ஓட்டுக்குக் கீழே உள்ள பரணில் பங்குனி, சித்திரை மாதங்களில் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும். பரணைக் கைவிடுங்கள். வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்பு றாக்கை வையுங்கள். கறையானுக்கு மண்ணிலிருந்தோ சுவரிலிருந்தோ பாதை வேண்டும். இடைவெளி இருந்தால் பாதை கட்டுவது கண்ணுக்குத் தெரியும், உடனே துடைக்கலாம். மண் ஏறிய பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே பிரியுங்கள். புற்று எங்கே என்று தேடி அதற்கு மருந்தடிக்க வேண்டும், தாளுக்கு அடிக்கக் கூடாது.

வெள்ளியாக ஓடுவது இராமபாணப் பூச்சி. ஈரப்பதனும் மாப்பசையும் அதற்கு உயிர். பூச்சி பிடித்த இதழ்களைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக ஒட்டி, வீட்டு டீப் பிறீசரில் இரண்டு கிழமை வையுங்கள். சுமார் -18 பாகை குளிரில் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் தாள் வியர்த்து நனைந்துவிடும். ஈரமாக இருக்கும் இதழை முதலில் காயவைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பூச்சி உருண்டை போட வேண்டாம். அந்த வாசனை மனிதருக்கும் நல்லதில்லை, படுக்கும் அறையில் இருந்தால் இன்னும் கேடு. வேப்பிலையும் வசம்பும் ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து பயன்பட்டவை. போடுவதானால் நன்றாகக் காய்ந்த இலையை மெல்லிய துணியில் முடிந்து றாக்கின் ஓரத்தில் வையுங்கள். பச்சை இலையைத் தாளுக்கு நடுவில் வைத்தால் ஈரம்தான் சேரும்.

மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டி பாதுகாப்பாகத் தோன்றும். மாரி காலத்தில் அடைத்த பெட்டியில் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பங்குனி போல வறண்ட மாதத்தில், சிலிக்கா ஜெல் பைகளோடு அடைத்தால் பரவாயில்லை. அந்தப் பைகளையும் ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். சாதாரண மட்டைப் பெட்டியே நம் காலநிலைக்கு நல்லது. பழைய இதழ்களைப் படுக்கையாக, உயரமில்லாத அடுக்காக வையுங்கள். நிறுத்தி வைத்தால் நலிந்த முதுகு வளையும்.

ரொறொன்ரோ வாசகன்:

எல்லாரும் தாளைக் காப்பது பற்றியே பேசுகிறீர்கள். கொக்குவில் அக்காவின் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்களைப்போல வெளியில் இருப்பவர்களுக்கு அந்தப் பெட்டிகள் கொக்குவிலில் இருந்தும் பயனில்லை, பிம்பமாக இருந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கும் வாசிக்கலாம். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் மல்லிகை இதழ்கள் ஏராளம். ஸ்கான் செய்தபின் தாளை வைத்திருப்பதன் பொருள் என்ன?

பனங்கூடல்:

தம்பி, நானும் அந்தத் தளத்தில்தான் பாதி நாள் கழிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், முதலில் அங்கே எந்த இதழ் இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப ஸ்கான் செய்து காலத்தைச் செலவழிக்க வேண்டாம். விடுபட்ட இதழ் உங்களிடம் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு. நூலக நிறுவனத்தோடு நேரே பேசினால் அவர்களுடைய முறைப்படி ஆவணப்படுத்தலாம்.

அங்கே இருக்கும் பிம்பம் ஒன்றில் பக்கம் குறைந்தாலோ எழுத்து மங்கியிருந்தாலோ திரும்பச் சரிபார்க்கத் தாள் வேண்டும். கைப்பேசியில் அவசரமாக எடுத்த படத்தில் முதுகுப் பக்கத்து எழுத்து வளைந்து மறையும். வீட்டில் செய்வதானால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், நிறத்தில், முன்னட்டை முதல் பின்னட்டை வரை ஒரு பக்கமும் விடாமல் எடுக்க வேண்டும். கஸ்தூரியார் வீதி நகைக்கடை விளம்பரத்தைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எழுபதுகளில் இந்த ஊர்க் கடைத்தெரு எப்படி இருந்தது என்று நாளை ஒருவர் தேடும்போது அந்த விளம்பரம்தான் கைகொடுக்கும்.

பிம்பத்தை எழுத்தாக மாற்றுகிற மென்பொருள்கள் தமிழில் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் துதிக்கை போட்ட பழைய லை, ளை, ணை வருகிற இடங்களில் அடிக்கடி பிழைவிடும். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்தைச் சீர்திருத்திய பின்னரும் நம் அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் பல காலம் இருந்தன. எனவே தேடினால் கிடைக்கும் என்று நம்பித் தாளை எறிய முடியாது.

ரொறொன்ரோ வாசகன்:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணை. ஸ்கான் செலவில் எங்கள் பங்கு என்னவென்று கொக்குவில் அக்கா தம்பியிடம் கேட்டுச் சொல்லட்டும். வெளியில் இருக்கிறவர்கள் செய்யக்கூடிய வேலை அதுதான். ஒரு கேள்வி: ஸ்கான் செய்த முழு இதழை வட்ஸ்அப் குழுக்களில் போடலாமா?

நல்லூரடி:

போட வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 70 ஆண்டு வரை உரிமை அவரிடமும் வாரிசுகளிடமும் இருக்கிறது. இங்குள்ள எழுத்தாளர் பலருக்கு எழுத்தால் ஒரு சதமும் வந்ததில்லை. அனுமதி கேட்பது அவர்களுக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

மயிலிட்டி:

இந்த இழையை முதலிலிருந்து வாசித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் குடும்பம் 1990 இல் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டது. 2017 இல் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டபோது அங்கே வீடே இல்லை, சஞ்சிகைகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? எண்பதுகளில் நான் எழுதிய கவிதைகள் சில, சிறு இதழ்களில் வந்தன. ஒரு பிரதியும் என்னிடம் இல்லை. எந்த மாதம் என்றும் நினைவில்லை.

தங்கச்சி, உங்களிடம் ஓர் உதவி. கொடுப்பதோ வைத்திருப்பதோ உங்கள் விருப்பம். பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு இதழின் பொருளடக்கப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கைப்பேசிப் படமே போதும். என்னைப்போல இடம்பெயர்ந்த எத்தனையோ பேர் தாங்கள் எழுதியது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கிறார்கள். பொருளடக்கத்தில் பெயரைக் கண்டால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

வாசிகசாலை:

ஐயா சொன்னதை இன்றைக்கே எங்கள் நிலையத்திலும் தொடங்குகிறேன். மூலையில் அடுக்கியிருப்பவற்றிலும் சிறு இதழ்கள் இருக்கின்றன.

கொக்குவில்காரி:

ஐயா, எண்பதுகளின் இதழ்களையே முதலில் எடுக்கிறேன். பொருளடக்கப் படங்களை இந்த இழையிலேயே ஆண்டுவாரியாகப் போடுகிறேன், நீங்களும் பாருங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும்.

பிரித்த அளவில் இப்போது இருக்கும் நிலையைச் சொல்கிறேன். மர அலுமாரியின் அடித்தட்டில் சஞ்சிகைகளுக்கு நடுவே கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், விளையாட்டுக் கழக மலர், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலர்கள் என்று ஒரு கட்டு இருந்தது. இவற்றை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. கல்வெட்டுகளில் குடும்ப வரலாறும் வம்சாவழியும் இருக்கின்றன. 90களின் இதழ்களில் சில, தாள் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சானவை. 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமப் பகுதியே வெளிக்கிட்டபோது அப்பா சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோன உரப்பையில் இருந்தவை இவைதான் என்று அம்மா சொல்கிறார். இவற்றை என்ன செய்வது?

பனங்கூடல்:

பிள்ளை, அந்தக் கட்டுத்தான் எல்லாவற்றிலும் அரியது! மல்லிகை இன்னொரு வீட்டில் கிடைக்கலாம். விளையாட்டுக் கழக மலரை எத்தனை பேர் வைத்திருப்பார்கள்? கல்வெட்டுகளையும் மலர்களையும் ஸ்கான் செய்யும் வரிசையில் முதலில் வையுங்கள். கொப்பித் தாள் இதழ்களைத் தனிப் பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் இடையில் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து அடுக்குங்கள்.

சோதனைக்குழாய்:

அந்தப் பெட்டியை வவுனியாவுக்குக் கொண்டுபோக வேண்டாமா என்று அம்மாவிடம் கேளுங்கள். உரப்பையில் கட்டியவரின் மனைவி அவர்.

கொக்குவில்காரி:

கேட்டேன். அந்தப் பெட்டி அம்மாவோடு போகிறது. அதோடு அவர் பெண்கள் பக்கங்களில் வெட்டிச் சேர்த்த கோலங்களும் சமையல் குறிப்புகளும். மற்றவற்றைக் கொடுப்பதற்கு, யார் வாசிப்பார்கள் என்று தெரிந்தால் சரி என்று சம்மதித்துவிட்டார்.

கட்டிய தொகுப்புகளும் அலையும் சிரித்திரனும் என் வீட்டுக்கு வருகின்றன. மல்லிகைப் பட்டியலை யாழ். பல்கலைக்கழக நூலகத்துக்கும் பொது நூலகத்துக்கும் அனுப்பிப் பார்க்கிறேன், அவர்களிடம் இல்லாததைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வேன். மலர்களும் கல்வெட்டுகளும் ஸ்கானுக்கு, செலவைத் தம்பி ஏற்கிறான். உதிரிக் கல்கி, கலைமகள், மஞ்சரி யாருக்காவது வேண்டுமென்றால் இங்கே சொல்லுங்கள். ஆண்டு குறிப்பிட்டுக் கேட்டால் எடுத்து வைப்பேன். கறையான் தின்று வாசிக்க முடியாதவை மட்டும் பேப்பர்காரருக்கு.

வாசிகசாலை அண்ணை, அம்புலிமாமா பெட்டி தயார். ஓட்டுவேலைக்காரர் வர முன்னம் வந்து எடுங்கள்.

வாசிகசாலை:

சனிக்கிழமை காலை ஓட்டோவோடு வருகிறேன். மஞ்சரியில் இரண்டு ஆண்டுத் தொகுதி முழுதாக இருந்தால் அதையும் வையுங்கள். எங்கள் பெரியவர்களில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

பைண்டர் மகன்:

அக்கா, கம்பி எடுக்க வேண்டிய இதழ்களை அப்படியே வையுங்கள். சனிக்கிழமை நானும் ஊசி நூலோடு வருகிறேன், இரண்டு பேராக இருந்து தைத்தால் பின்னேரத்துக்குள் ஒரு பெட்டி முடியும்.